ஆரக்கிள் ஷேர்டு சர்வர் கனெக்ஷன் சிக்கல்கள்: லிஸ்னரிலிருந்து டிஸ்பேச்சர் வரை படிப்படியாகத் தேடுவது எப்படி

ஆரக்கிளில் பல இணைப்புகள் சில ப்ராசஸ்களைப் பகிர்ந்துகொள்வது ஷேர்டு சர்வர்; இணைப்புக்கு ஒரு ப்ராசஸ் என்பது டெடிகேட்டட். ஷேர்டு சர்வரில் கனெக்ஷன் கிடைக்கவில்லை என்றதும் புதியவர்களின் கை முதலில் போவது, வரும் இணைப்புகளை வாசலில் வாங்கும் லிஸ்னரின் அமைப்புக் கோப்பான லிஸ்னர்.ஓராவுக்குத்தான். அங்கே நாலு வரி சேர்ப்பார்கள், லிஸ்னரை நிறுத்தி ஓட்டுவார்கள், பிழை எண் மாறும். மாறியதையே முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் நாலு வரி சேர்ப்பார்கள். ஷேர்டு சர்வரைப் பொறுத்தவரை அந்தக் கோப்பில் சரிசெய்யக் கூடிய விஷயம் மிகக் குறைவு. டிஸ்பேச்சர் (க்ளையன்டின் கோரிக்கைகளை வாங்கி ஷேர்டு சர்வர்களுக்கான வரிசையில் போடும் ப்ராசஸ்) பற்றி லிஸ்னருக்குத் தெரிவதெல்லாம் டேட்டாபேஸ் தானாக வந்து சொன்னதுதான். சொல்லவில்லை என்றால் கோளாறு டேட்டாபேஸ் பக்கம்.

ஒரு கனெக்ஷன் ஆறு இடங்களைக் கடக்கிறது: க்ளையன்டில் பெயரைக் கண்டுபிடிப்பது, லிஸ்னரை எட்டுவது, லிஸ்னருக்கு அந்த சர்வீஸ் (க்ளையன்ட் டேட்டாபேஸைக் கேட்கும் பெயர்) தெரிந்திருப்பது, அந்த சர்வீஸுக்கு ஏற்ற ஹேண்ட்லர் (டெடிகேட்டட் சர்வர் அல்லது டிஸ்பேச்சர்) இருப்பது, டிஸ்பேச்சரிடம் போய்ச் சேருவது, கடைசியில் ஒரு ஷேர்டு சர்வர் ப்ராசஸ் வேலையைக் கையில் எடுப்பது. எந்த இடத்தில் நின்றது என்று தெரியும்வரை எதையும் மாற்றக் கூடாது. கீழே உள்ள படிகளும் அதே வரிசையில்தான் போகின்றன.

ஒரு குறிப்பு: கமாண்டுகளையும் பாராமீட்டர்களையும் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். பாராமீட்டர் பெயரில் இரண்டு மூன்று சொற்கள் வந்தால் நடுவில் அண்டர்ஸ்கோர் போட்டுக்கொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, முழுப் பிழைச் செய்தி, அது வந்த நேரம், க்ளையன்ட் பயன்படுத்திய கனெக்ட் ஸ்ட்ரிங். மூன்றும் எழுத்து மாறாமல் வேண்டும். "கனெக்ட் ஆகலைங்க" என்ற தகவலை வைத்துத் தேடத் தொடங்கினால் அரைநாள் போய்விடும். நேரம் எதற்கு என்றால், லிஸ்னர் லாகில் அந்த வரியைப் பிடிக்க.

இரண்டாவது, சர்வரில் ஆரக்கிள் பயனராக உள்ளே நுழையும் வழி. டேட்டாபேஸ் ஓடும் இயந்திரத்திலேயே சிஸ்டிபிஏ (முழு நிர்வாகி உரிமை) ஆக இணைந்தால் லிஸ்னர் இல்லாமலே இணைப்பு கிடைக்கும். எல்லாம் தொங்கும்போது இதுதான் உங்கள் பின்வாசல். ஆனால் அப்படி இணைய முடிந்தது என்பதை வைத்து "லிஸ்னர் நன்றாக இருக்கிறது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது இன்ஸ்டன்ஸ் (டேட்டாபேஸை இயக்கும் ப்ராசஸ்களும் நினைவகமும்) உயிரோடு இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி.

மூன்றாவது, சர்வர்=டெடிகேட்டட் என்று வெளிப்படையாக எழுதிய ஒரு தனி அலையஸ் (கனெக்ட் ஸ்ட்ரிங்குக்கு வைக்கும் குறும்பெயர்). ஷேர்டு சர்வர் வழியே வந்த செஷனிலிருந்து டேட்டாபேஸை நிறுத்தவோ தொடங்கவோ முடியாது, ஓரா-00106 வரும். ஆர்மேன் (ஆரக்கிளின் பேக்கப் கருவி) வேலைகளுக்கும் டெடிகேட்டட் இணைப்புதான் வேண்டும். இந்த அலையஸை அவசரத்தில் உருவாக்குவதை விட இப்போதே செய்து வைப்பது நல்லது.

நான்காவது, எந்த ஆரக்கிள் ஹோமின் (மென்பொருள் நிறுவிய அடைவின்) கோப்புகள் உண்மையில் படிக்கப்படுகின்றன என்ற தெளிவு. கிரிட் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் இருந்தால் வழக்கமாக லிஸ்னர் கிரிட் ஹோமிலிருந்து ஓடும். டேட்டாபேஸ் ஹோமில் கிடக்கும் லிஸ்னர்.ஓராவை எத்தனை முறை திருத்தினாலும் அது கண்டுகொள்ளாது. டிஎன்எஸ் அட்மின் சூழல் மாறி அமைக்கப்பட்டிருந்தால் இடம் இன்னும் மாறும். ஊகிக்க வேண்டாம்: லிஸ்னர் கன்ட்ரோல் கருவியில், அதாவது எல்எஸ்என்ஆர்சிடிஎல்லில், ஸ்டேட்டஸ் கொடுத்தால் அது படித்த பாராமீட்டர் கோப்பின் பாதையும் லாக் கோப்பின் பாதையும் அங்கேயே வரும்.

2. பிழை எண்ணை வைத்து இடத்தைக் குறுக்குங்கள்

ஓரா-12154 வந்தால் கோரிக்கை க்ளையன்டை விட்டே கிளம்பவில்லை. பெயர் தீர்க்கப்படவில்லை, அவ்வளவுதான். சர்வரைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

ஓரா-12541 என்றால் அந்த முகவரியில், அந்த போர்ட்டில் லிஸ்னர் இல்லை. ஓரா-12170, 12535 போன்றவை நேரம் கடந்துபோன பிழைகள். பெரும்பாலும் நெட்வொர்க் அல்லது ஃபயர்வால். 12541-க்கும் 12170-க்கும் உள்ள வேறுபாடு முக்கியம். முன்னதில் இயந்திரம் உடனே மறுக்கிறது, பின்னதில் பதிலே வருவதில்லை.

ஓரா-12514, லிஸ்னரை எட்டிவிட்டீர்கள் என்று சொல்கிறது. நீங்கள் கேட்ட சர்வீஸ் பெயர் அதற்குத் தெரியவில்லை. 12505-ம் இதே வகை, சர்வீஸுக்குப் பதிலாக எஸ்ஐடி, அதாவது இன்ஸ்டன்ஸின் பெயரைக் கேட்டபோது வருவது.

ஓரா-12520 வந்தால் சர்வீஸ் தெரிகிறது, ஆனால் நீங்கள் கேட்ட வகையான ஹேண்ட்லர் கைவசம் இல்லை. ஷேர்டு சர்வர் சிக்கல்களில் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். 12516, 12519 ஆகியவையும் ஹேண்ட்லர் கட்டத்துப் பிழைகளே. அவை விட்டு விட்டு வந்தால் படி 10-க்குப் போங்கள்.

ஓரா-12528 என்றால் இன்ஸ்டன்ஸ் புதிய இணைப்புகளைத் தடுத்து வைத்திருக்கிறது; நோமவுண்ட் நிலையில் (இன்ஸ்டன்ஸ் எழுந்தும் டேட்டாபேஸ் இன்னும் இணையாதபோது) இது சகஜம். 12526 என்றால் ரெஸ்ட்ரிக்டட் மோடில் இருக்கிறது.

பிழையே இல்லாமல் தொங்கினால் அநேகமாகக் கடைசி இரண்டு இடங்களில் ஒன்று. படி 8, 9.

3. பெயரும் முகவரியும்

இது விரைவாக முடியும் படி. க்ளையன்டில் டிஎன்எஸ்பிங் கொடுத்துப் பாருங்கள். எந்தக் கோப்பிலிருந்து படித்தது, எந்த ஹோஸ்ட், எந்த போர்ட் என்று காட்டும்.

டிஎன்எஸ்பிங் லிஸ்னர் வரைதான் போகும். சர்வீஸ் பெயர் முழுக்கத் தவறாக இருந்தாலும் அது சரி என்றே சொல்லும். "டிஎன்எஸ்பிங் வருது, ஆனா கனெக்ட் ஆகல" என்பதில் முரண் ஏதும் இல்லை. முதல் இரண்டு இடங்கள் சரி, மூன்றாவதிலிருந்து தேடுங்கள் என்று அர்த்தம்.

பெயரே தீரவில்லை என்றால், டிஎன்எஸ்நேம்ஸ்.ஓராவில் அலையஸ் வரியின் முதல் எழுத்திலேயே தொடங்குகிறதா, தொடர்வரிகள் சற்று உள்தள்ளி இருக்கின்றனவா, அடைப்புக்குறிகள் சமமாக மூடியிருக்கின்றனவா என்று பாருங்கள். மேலே உள்ள ஒரு அலையஸில் விட்டுப்போன அடைப்புக்குறி, கீழே இருக்கும் அலையஸைக் காணாமல் போகச் செய்யும். அதனால் உங்கள் அலையஸை மட்டும் உற்றுப் பார்த்துப் பயனில்லை.

4. லிஸ்னருக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள்

சர்வரில் எல்எஸ்என்ஆர்சிடிஎல் சர்வீசஸ் கொடுங்கள். பலரும் ஸ்டேட்டஸ் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஸ்டேட்டஸ் சர்வீஸ் பெயர்களையும் இன்ஸ்டன்ஸின் நிலையையும் காட்டும். ஒவ்வொரு சர்வீஸுக்கும் என்னென்ன ஹேண்ட்லர்கள் என்று விரித்துச் சொல்வது சர்வீசஸ்தான். ஷேர்டு சர்வர் சிக்கலில் நமக்கு வேண்டியது அந்த விவரம்.

சரியாக இருந்தால் உங்கள் சர்வீஸின் கீழ் 'டெடிகேட்டட்' என்று ஒரு ஹேண்ட்லரும், அதன் கூடவே 'டி000', 'டி001' என்று டிஸ்பேச்சர்களும் இருக்கும். டிஸ்பேச்சர் வரியில் எத்தனை இணைப்புகள் ஏற்கப்பட்டன, எத்தனை மறுக்கப்பட்டன, இப்போது எத்தனை, உச்சவரம்பு என்ன, அது எந்த ஹோஸ்டில் எந்த போர்ட்டில் காத்திருக்கிறது என்பதெல்லாம் வரும். அந்த ஹோஸ்டையும் போர்ட்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், படி 8-ல் தேவைப்படும்.

நிலைச் சொற்கள் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். 'ரெடி' என்றால் டேட்டாபேஸ் தானே வந்து பதிவு செய்தது, தயாராக இருக்கிறது. 'பிளாக்ட்' என்றால் பதிவாகியிருக்கிறது, ஆனால் இப்போது இணைப்பு ஏற்காது. 'அன்நோன்' என்றால் லிஸ்னர்.ஓராவில் கையால் எழுதிய நிலையான பதிவு. டேட்டாபேஸ் ஓடுகிறதா இல்லையா என்றுகூட லிஸ்னருக்குத் தெரியாது.

இந்த 'அன்நோன்'தான் பலரைச் சுற்றவிடுகிறது. 12514 வந்ததும் லிஸ்னர்.ஓராவில் எஸ்ஐடி லிஸ்ட் பகுதியைச் சேர்க்கிறார்கள், டெடிகேட்டட் இணைப்பு உடனே வேலை செய்கிறது, பிரச்சினை தீர்ந்தது என்று போய்விடுகிறார்கள். நிலையான பதிவுக்கு டிஸ்பேச்சர் என்றால் என்னவென்றே தெரியாது. அதில் வருவது டெடிகேட்டட் மட்டும். அப்புறம் யாராவது சர்வர்=ஷேர்டு என்று கேட்டால் 12520 வரும். தானியங்கிப் பதிவு ஏன் நடக்கவில்லை என்ற மூலக் கேள்வி அப்படியே கிடக்கும், இப்போது அதை ஒரு திரை வேறு மூடியிருக்கும். நின்றுபோன இன்ஸ்டன்ஸைத் தொலைவிலிருந்து தொடங்கவும், ஆர்மேன் டூப்ளிகேட்டில் நோமவுண்டில் உள்ள இன்ஸ்டன்ஸுடன் இணையவும் நிலையான பதிவு தேவைதான். அந்த வேலைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

5. சர்வீஸ் பதிவாகவில்லை என்றால்

பதிவு செய்யும் வேலையை 11ஜி வரை பிமான் என்ற பின்னணி ப்ராசஸ் பார்த்தது. 12சி முதல் எல்ரெக் என்ற தனி ப்ராசஸ் பார்க்கிறது. லிஸ்னர் பிறகு தொடங்கினால் இது அடுத்த முறை முயலும்வரை சுமார் ஒரு நிமிடம் ஆகலாம். லிஸ்னரை ரீஸ்டார்ட் செய்த மறு நொடியே ஸ்டேட்டஸ் பார்த்து "சர்வீஸ் போயிடுச்சு" என்று பதறுவது இதனால்தான். காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் டேட்டாபேஸில் இதைக் கொடுங்கள்:

ஆல்டர் சிஸ்டம் ரெஜிஸ்டர்;

இதற்குப் பிறகும் வரவில்லை என்றால் கீழே உள்ளவற்றை இந்த வரிசையிலேயே பாருங்கள். எளிதில் சரிபார்க்கக் கூடியவை முதலில்.

பெயர் பொருந்துகிறதா. டேட்டாபேஸுக்கு டொமைன் அமைந்திருந்தால் சர்வீஸ் பெயரும் டொமைனோடு சேர்த்தே பதிவாகும். க்ளையன்ட் வெறும் பெயரைக் கேட்டால் 12514. லிஸ்னர் வெளியீட்டில் இருப்பதை அப்படியே நகலெடுத்து கனெக்ட் ஸ்ட்ரிங்கில் வைத்துச் சோதியுங்கள்.

ப்ளக்கபிள் டேட்டாபேஸா. 12சி முதல் ஒவ்வொரு பிடிபியும் (ஒரு டேட்டாபேஸுக்குள் ப்ளக் செய்த தனி டேட்டாபேஸ்) தன் பெயரில் ஒரு சர்வீஸைப் பதிகிறது. பிடிபி மூடியிருந்தால் அந்த சர்வீஸில் இணைய வழியில்லை. சர்வர் ரீஸ்டார்ட் ஆன மறுநாள் காலையில் வரும் புகார்களில் இது அதிகம். திறந்துவிட்டு சேவ் ஸ்டேட் கொடுத்தால் அடுத்த முறை தானாகத் திறக்கும்.

போர்ட் 1521 தானா. லோக்கல் லிஸ்னர் பாராமீட்டர் காலியாக இருந்தால் டேட்டாபேஸ் தன் இயந்திரத்தின் 1521-ல்தான் லிஸ்னரைத் தேடும். பாதுகாப்புக்காக போர்ட்டை மாற்றிவிட்டு இந்த பாராமீட்டரை மறந்தால், லிஸ்னரும் நலம், டேட்டாபேஸும் நலம், இரண்டுக்கும் பேச்சுவார்த்தை மட்டும் இல்லை. முழு முகவரியைக் கொடுத்து அமைத்துவிடுங்கள்:

ஆல்டர் சிஸ்டம் செட் லோக்கல் லிஸ்னர் = '(அட்ரஸ்=(புரோட்டோகால்=டிசிபி)(ஹோஸ்ட்=உங்கள் ஹோஸ்ட்)(போர்ட்=1526))';

முகவரிக்குப் பதிலாக அலையஸும் கொடுக்கலாம். ஆனால் அந்த அலையஸ் சர்வரில் உள்ள டிஎன்எஸ்நேம்ஸ்.ஓராவில் இருக்க வேண்டும், க்ளையன்டில் அல்ல. பின்னாளில் யாராவது அந்தக் கோப்பைச் சுத்தம் செய்து அலையஸை நீக்கினால், அடுத்த தொடக்கத்தில் ஓரா-00119, ஓரா-00132 என்று சொல்லி இன்ஸ்டன்ஸ் எழவே எழாது. அதனால் முழு முகவரியையே நான் விரும்புவேன், பார்க்க அழகாக இல்லாவிட்டாலும்.

ஹோஸ்ட் பெயர் எங்கே போகிறது. சர்வரின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் இயந்திரத்தின் பெயர் 127.0.0.1-க்கோ பழைய ஐபிக்கோ போனால், டேட்டாபேஸ் அங்கே போய்த் தட்டும். லிஸ்னர் வேறு முகவரியில் உட்கார்ந்திருக்கும். இயந்திரத்தை நகலெடுத்து வேறு பெயரில் ஏற்றிய இடங்களில் இதை முதலில் சந்தேகிக்கலாம்.

லிஸ்னர் வேறு இயந்திரத்தில் இருக்கிறதா. 12சி முதல் இயல்பான அமைப்பில் லிஸ்னர் தன் இயந்திரத்திலிருந்து வரும் பதிவுகளை மட்டுமே ஏற்கும். வெளியிலிருந்து வந்தால் நிராகரித்துவிட்டு, விஎன்சிஆர் என்ற சொல்லுடன் ஒரு வரியை லாகில் எழுதும். இதைக் கண்டால் வேலிட் நோட் செக்கிங் அமைப்பை முழுதாக அணைத்துவிடாதீர்கள். அனுமதிக்க வேண்டிய இயந்திரத்தை மட்டும் பட்டியலில் சேருங்கள். யார் வேண்டுமானாலும் உங்கள் சர்வீஸ் பெயரில் பதிவு செய்து இணைப்புகளைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வதைத் தடுக்கத்தான் அந்தப் பூட்டு.

6. டெடிகேட்டட் தெரிகிறது, டிஸ்பேச்சர் தெரியவில்லை

முதலில் ஷேர்டு சர்வர் உண்மையிலேயே இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிஸ்டிபிஏ ஆக இணைந்து, டிஸ்பேச்சர்ஸ், ஷேர்டு சர்வர்ஸ், மேக்ஸ் ஷேர்டு சர்வர்ஸ் ஆகிய பாராமீட்டர்களைக் காட்டச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. டிபிசிஏ என்ற டேட்டாபேஸ் உருவாக்கும் கருவி வழியே உருவான டேட்டாபேஸில், டிஸ்பேச்சர்ஸ் மதிப்பில் எஸ்ஐடி பெயரோடு எக்ஸ்டிபி சேர்ந்த ஒரு சர்வீஸ் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். டி000, எஸ்000 ப்ராசஸ்களும் ஓடிக்கொண்டிருக்கும். இதைப் பார்த்துவிட்டு "ஷேர்டு சர்வர் ஆன் ஆகித்தான் இருக்கு" என்று புதியவர்கள் சொல்வார்கள். அந்த டிஸ்பேச்சர் எக்ஸ்எம்எல் டிபிக்கு மட்டும். உங்கள் சர்வீஸுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. லிஸ்னர் வெளியீட்டில் டி000 எந்த சர்வீஸின் கீழ் வருகிறது என்று பாருங்கள், குழப்பம் தீரும்.

உங்கள் சர்வீஸுக்கு டிஸ்பேச்சர் வேண்டுமென்றால்:

ஆல்டர் சிஸ்டம் செட் ஷேர்டு சர்வர்ஸ் = 10;
ஆல்டர் சிஸ்டம் செட் டிஸ்பேச்சர்ஸ் = '(புரோட்டோகால்=டிசிபி)(டிஸ்பேச்சர்ஸ்=3)';

இதைக் கொடுக்கும் முன் பழைய மதிப்பை ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். எக்ஸ்டிபி சர்வீஸ் உங்களிடம் பயன்பாட்டில் இருந்தால், அந்தப் பகுதியையும் புதிய மதிப்போடு காற்புள்ளி இட்டுச் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

ஷேர்டு சர்வர்ஸ் மதிப்பு 0 என்றால் இந்த வசதி அணைந்திருக்கிறது. 0-க்கு மேல் வைத்து டிஸ்பேச்சர்ஸை விட்டுவிட்டால், டிசிபிக்கு ஒரு டிஸ்பேச்சர் தானாக உருவாகும். சோதனைக்கு அது போதும். எத்தனை ஷேர்டு சர்வர் வேண்டும் என்பதற்கு, பத்து இணைப்புக்கு ஒன்று என்பது தொடக்கக் கணக்கு. சின்னச் சின்னக் கேள்விகளாக வந்துபோகும் அப்ளிகேஷனுக்கு அதைவிடக் குறைவே போதும். நீண்ட கேள்விகள் என்றால் போதாது. ஷேர்டு சர்வர்கள் மேக்ஸ் மதிப்பு வரை தேவைக்கேற்பத் தானாகக் கூடும். டிஸ்பேச்சர்கள் அப்படிக் கூடாது, நீங்கள்தான் கூட்ட வேண்டும்.

அமைப்பு சரி, வி$டிஸ்பேச்சரில் டிஸ்பேச்சர்கள் தெரிகின்றன, டெடிகேட்டட் ஹேண்ட்லரும் லிஸ்னரில் பதிவாகியிருக்கிறது, ஆனால் டிஸ்பேச்சர் மட்டும் லிஸ்னரில் இல்லை. அப்படியானால் டிஸ்பேச்சர்ஸ் மதிப்புக்குள் லிஸ்னர்= என்று ஏதாவது எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த டிஸ்பேச்சர்களைப் பொறுத்தவரை லோக்கல் லிஸ்னர் பாராமீட்டரை அது மீறிவிடும். போர்ட்டை மாற்றியவர் லோக்கல் லிஸ்னரை மட்டும் திருத்தியிருப்பார். டிஸ்பேச்சர்கள் இன்னும் பழைய லிஸ்னரையே தேடிக்கொண்டிருக்கும்.

7. கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று

கனெக்ட் ஸ்ட்ரிங்கில் சர்வர்= பகுதியே இல்லையென்றால், அந்த சர்வீஸுக்கு டிஸ்பேச்சர் இருந்தால் ஷேர்டு கிடைக்கும்; இல்லாவிட்டால் டெடிகேட்டட். சர்வர்=ஷேர்டு என்று எழுதியிருந்தால் டிஸ்பேச்சர் இல்லாதபோது மாற்று ஏற்பாடு கிடையாது, பிழைதான் வரும்.

முதல் விதியின் விளைவைப் பலர் யோசிப்பதில்லை. நீங்கள் ஷேர்டு சர்வரை இயக்கிய அந்த நிமிடம், சர்வர்= எழுதாத எல்லா க்ளையன்ட்களும் அடுத்த இணைப்பில் சத்தமில்லாமல் ஷேர்டுக்கு வந்துவிடும். இரவு ஓடும் பேட்ச் வேலைகளும் சேர்த்துத்தான். ஒரு மணி நேரம் ஓடும் பேட்ச் ஒன்று ஒரு ஷேர்டு சர்வரை அத்தனை நேரமும் பிடித்து வைத்திருக்கும். எனவே இயக்குவதற்கு முன்பே பேட்ச், அறிக்கை, பேக்கப் அலையஸ்களில் சர்வர்=டெடிகேட்டட் சேர்த்துவிடுங்கள். இந்த வரிசையை மாற்றிச் செய்தவர்கள்தான் "ஷேர்டு சர்வர் போட்டதும் டேட்டாபேஸ் மெதுவாகிவிட்டது" என்பார்கள்.

எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. கனெக்ட் ஸ்ட்ரிங்கில் ஷேர்டு என்றே எழுதியிருக்கும், வருவது டெடிகேட்டட். க்ளையன்டின் எஸ்க்யூஎல்நெட்.ஓராவில் யூஸ் டெடிகேட்டட் சர்வர் = ஆன் இருக்கிறதா என்று பாருங்கள். அது கனெக்ட் ஸ்ட்ரிங்கில் உள்ளதை மீறிவிடும்.

எது கிடைத்தது என்று உறுதிசெய்ய, வி$செஷனில் சர்வர் என்ற பத்தியைப் பாருங்கள். அதில் 'நன்' என்று இருந்தால் பயப்பட வேண்டாம். அது ஷேர்டு சர்வர் செஷன்தான். பார்த்த நொடியில் அதற்காக எந்த ஷேர்டு சர்வரும் வேலை செய்துகொண்டிருக்கவில்லை என்று பொருள். வேலை நடக்கும் நொடியில் பார்த்தால் 'ஷேர்டு' என்று மாறும். நன் என்பவற்றை எல்லாம் செத்துப்போன செஷன் என்று நினைத்துக் கொன்று குவிப்பவர்களும் இருக்கிறார்கள்.

8. டிஸ்பேச்சர் போர்ட்டும் ஃபயர்வாலும்

லிஸ்னர் இணைப்பை நேரடியாக டிஸ்பேச்சர் கையில் கொடுக்கலாம்; அல்லது "இந்த முகவரிக்குப் போ" என்று க்ளையன்டைத் திருப்பி அனுப்பலாம். திருப்பி அனுப்பும்போது க்ளையன்ட் 1521-ஐ விட்டுவிட்டு டிஸ்பேச்சரின் போர்ட்டுக்குப் புதிதாக இணைய வேண்டும். அந்த போர்ட்டை நீங்கள் சொல்லாவிட்டால் இயங்குதளம் கொடுக்கும் ஏதோ ஒரு எண். ஒவ்வொரு தொடக்கத்திலும் மாறும்.

அறிகுறி இது: சர்வருக்குள்ளிருந்தே ஷேர்டாக இணைந்தால் வேலை செய்யும். ஃபயர்வாலுக்கு வெளியிலிருந்து டிஎன்எஸ்பிங்கும் வரும், டெடிகேட்டட் இணைப்பும் வரும், ஷேர்டு மட்டும் தொங்கி நேரம் கடந்து விழும். லிஸ்னர் லாகைப் பார்த்தால் அந்தக் கோரிக்கைக்கு நேரே 0, அதாவது வெற்றி. லிஸ்னர் தன் வேலையை முடித்துவிட்டது, விழுந்தது அதற்கு அடுத்த கட்டம். படி 4-ல் குறித்து வைத்த ஹோஸ்ட், போர்ட்டுக்கு க்ளையன்டிலிருந்து நேரடியாகப் போக முடிகிறதா என்று சோதித்தால் உறுதியாகிவிடும்.

தீர்வு, போர்ட்டை நிலையாக வைப்பது. ஒரு டிஸ்பேச்சருக்கு ஒரு போர்ட் என்பதால் தனித்தனியாக எழுத வேண்டும்:

டிஸ்பேச்சர்ஸ் = '(அட்ரஸ்=(புரோட்டோகால்=டிசிபி)(போர்ட்=5000))', '(அட்ரஸ்=(புரோட்டோகால்=டிசிபி)(போர்ட்=5001))'

பிறகு அந்த போர்ட்களை ஃபயர்வாலில் திறக்கச் சொல்லுங்கள்.

இதே கட்டத்தில் ஓரா-12545 வந்தால் போர்ட் அல்ல, பெயர். டிஸ்பேச்சர் தன் முகவரியில் சர்வரின் உள் ஹோஸ்ட் பெயரைச் சொல்லியிருக்கும். க்ளையன்டுக்கு அந்தப் பெயர் தெரியாது. மேலே உள்ள அட்ரஸ் பகுதிக்குள் ஹோஸ்ட்= சேர்த்து, க்ளையன்டால் எட்டக் கூடிய பெயரையோ ஐபியையோ கொடுங்கள்.

9. இணைகிறது, ஆனால் தொங்குகிறது

இப்போது லிஸ்னரின் கதை முடிந்துவிட்டது. இனி லிஸ்னரை ரீஸ்டார்ட் செய்வதில் எந்தப் பயனும் இல்லை.

க்ளையன்டின் கோரிக்கையை டிஸ்பேச்சர் ஒரு பொது வரிசையில் போடும். சும்மா இருக்கும் ஷேர்டு சர்வர் ஒன்று அதை எடுத்து முடித்து, பதிலை அந்த டிஸ்பேச்சரின் வரிசையில் வைக்கும். வங்கியில் டோக்கன் வாங்கிக் காத்திருப்பது போலத்தான்: டோக்கன் கொடுப்பவர் எவ்வளவு வேகமாகக் கொடுத்தாலும், கவுன்டர்கள் எல்லாம் அடைபட்டிருந்தால் வரிசை நகராது.

எனவே முதலில் கவுன்டர்களை, அதாவது வி$ஷேர்டு சர்வரை, பாருங்கள். நிலை என்ற பத்தியில் 'வெயிட்(காமன்)' இருந்தால் அந்த ப்ராசஸ் சும்மா இருக்கிறது. 'எக்ஸெக்' என்றால் வேலை செய்கிறது. 'வெயிட்(ஈஎன்க்யூ)' என்றால் ஏதோ ஒரு லாக்குக்காகக் காத்திருக்கிறது. அடுத்து வி$சர்க்யூட்டில் க்யூ என்ற பத்தி. 'காமன்' என்று பல வரிகள் இருந்தால் அத்தனை பேரும் ஷேர்டு சர்வர் கிடைக்காமல் வரிசையில் நிற்கிறார்கள்.

எல்லா ஷேர்டு சர்வரும் வெயிட்(ஈஎன்க்யூ), எண்ணிக்கையும் மேக்ஸைத் தொட்டுவிட்டது என்றால் மோசமான முடிச்சு ஒன்றில் மாட்டியிருக்கிறீர்கள். ஒருவர் ஒரு வரியை அப்டேட் செய்துவிட்டு கமிட் கொடுக்காமல் இருக்கிறார். மற்றவர்கள் அதே வரிக்காகக் காத்து, ஆளுக்கொரு ஷேர்டு சர்வரைப் பிடித்துக்கொண்டார்கள். இப்போது முதலாமவர் கமிட் கொடுக்கிறார். அந்தக் கமிட்டை எடுத்துச் செய்ய ஷேர்டு சர்வர் இல்லை. அவர் விடாமல் மற்றவர்கள் நகர மாட்டார்கள், மற்றவர்கள் நகராமல் அவர் விட முடியாது. வழக்கமான டெட்லாக் போல ஆரக்கிள் இதைக் கண்டுபிடித்து உடைக்காது, ஏனென்றால் லாக் கணக்கில் இது வட்டமே இல்லை.

பின்வாசல் டெடிகேட்டட் இணைப்பு இங்கேதான் கைகொடுக்கும். உள்ளே போய் மேக்ஸ் ஷேர்டு சர்வர்ஸை இரண்டு மூன்று கூட்டினாலே, காத்திருந்த கமிட் நிறைவேறி முடிச்சு தானாக அவிழ்ந்துவிடும். செஷனைக் கொல்வது இரண்டாவது வழி, ஏனென்றால் அதில் ஒருவருடைய வேலை போகிறது. மேக்ஸ் மதிப்பை அமைக்காமல் விட்டால், காலி ப்ராசஸ் இடங்கள் ப்ராசசஸ் மதிப்பில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் இருக்கும்வரை புதிய ஷேர்டு சர்வர்கள் தொடங்கலாம். இந்த முடிச்சு அரிதாகும், ஆனால் ஒழியாது.

லாக் இல்லை, வெறும் மந்தம் என்றால் வி$க்யூவில் 'காமன்' வகை வரியைப் பாருங்கள். வெயிட்டை டோட்டல்க்யூவால் வகுத்தால் ஒரு கோரிக்கை சராசரியாக எவ்வளவு நேரம் வரிசையில் நின்றது என்று வரும், நொடியில் நூறில் ஒரு பங்குக் கணக்கில். இந்த எண்ணிக்கைகள் இன்ஸ்டன்ஸ் தொடங்கியதிலிருந்து சேர்பவை. எனவே சில நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்துக் கழித்துப் பாருங்கள். ஒரே ஒரு முறை எடுத்தால் நேற்றைய அமைதி இன்றைய நெரிசலை மறைத்துவிடும். டிஸ்பேச்சர்களுக்கு வி$டிஸ்பேச்சரில் பிஸி, ஐடில் இரண்டையும் இதேபோல் எடுங்கள். பிஸி பாதிக்கு மேல் போனால் டிஸ்பேச்சரைக் கூட்டலாம்.

ஓரா-04031 வந்தால் அது நினைவகம். டெடிகேட்டடில் ஒவ்வொரு ப்ராசஸின் தனி நினைவகத்தில் இருக்கும் யூஜிஏ (செஷனின் சொந்தத் தகவல்), ஷேர்டு சர்வரில் எல்லோரும் பகிரும் எஸ்ஜிஏ நினைவகத்துக்குள் வந்துவிடும். லார்ஜ் பூல் அமைந்திருந்தால் அங்கே, இல்லையென்றால் ஷேர்டு பூலில். ஷேர்டு பூலில் வந்து விழுந்தால் எஸ்க்யூஎல் கர்சர்களோடு இடத்துக்குச் சண்டை போடும். ஷேர்டு சர்வரை இயக்கும்போதே லார்ஜ் பூல் சைஸையும் சேர்த்து முடிவு செய்யச் சொல்வது இதனால்தான். பிழைச் செய்தியில் எந்தப் பூல் என்று எழுதியிருக்கும், அதைப் படித்துவிட்டுக் கூட்டுங்கள்.

10. விட்டு விட்டு வரும் 12516, 12519, 12520

காலையில் நன்றாக இருக்கும், நெரிசல் நேரத்தில் சிலருக்கு மட்டும் விழும், பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகும். இப்படி என்றால் அமைப்பில் பிழை தேட வேண்டாம், எல்லையைத் தேடுங்கள்.

வி$ரிசோர்ஸ் லிமிட்டில் ப்ராசசஸ், செஷன்ஸ் வரிகளைப் பாருங்கள். இதுவரை தொட்ட உச்சம் எல்லைக்குச் சமமாகவோ மிக அருகிலோ இருந்தால் காரணம் அதுதான். டேட்டாபேஸ் எல்லையை நெருங்கும்போது லிஸ்னரிடம் இனி ஆள் அனுப்பாதே என்று சொல்லிவிடும். அந்தத் தகவல் அடுத்த புதுப்பிப்பு வரை பழையதாகவே இருக்கலாம். அதனால்தான் கூட்டம் குறைந்த பிறகும் சற்று நேரம் பிழை தொடர்கிறது. ப்ராசசஸ் மதிப்பைக் கூட்ட இன்ஸ்டன்ஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். கூட்டும் முன், அப்ளிகேஷன் பக்கத்தில் மூடாமல் விட்ட இணைப்புகள் சேர்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். அப்படி இருந்தால் இன்று 300-ஐ 600 ஆக்கினால் இன்னொரு நாள் 600-ம் நிரம்பும்.

11. மாற்றும்போது

இன்ஸ்டன்ஸைத் தொடும் எந்த மாற்றத்துக்கும் முன்பு, எஸ்பிஃபைலிலிருந்து (பாராமீட்டர்கள் சேமித்திருக்கும் பைனரி கோப்பு) ஒரு பிஃபைல், அதாவது கையால் திருத்தக் கூடிய உரைக் கோப்பு, நகல் எடுத்து வையுங்கள். தப்பான லோக்கல் லிஸ்னர் அல்லது டிஸ்பேச்சர்ஸ் மதிப்பால் இன்ஸ்டன்ஸ் எழாமல் போனால், திரும்பி வர அதுதான் வழி.

ஒரு முறையில் ஒரே ஒரு மாற்றம். முதலில் ஸ்கோப்=மெமரி என்று கொடுத்துச் சோதித்து, சரியென்றால் ஸ்கோப்=போத் என்று நிலைப்படுத்துங்கள். சோதித்ததோடு மறந்துவிட்டால் அடுத்த ரீஸ்டார்ட்டில் பழைய சிக்கல் திரும்பும். மாதக் கணக்கில் கழித்து வருவதால் யாருக்கும் காரணம் நினைவிருக்காது.

லிஸ்னர்.ஓராவைத் திருத்த வேண்டியிருந்தால் ஸ்டாப், ஸ்டார்ட்டுக்குப் பதில் முடிந்தவரை ரீலோட் கொடுங்கள். லிஸ்னரை நிறுத்தினாலும் ஏற்கெனவே இணைந்தவர்கள் அறுபட மாட்டார்கள், ஆனால் அந்த இடைவெளியில் புதிதாக வருபவர்களுக்கு 12541. ரீலோட் ஆனதும் ஆல்டர் சிஸ்டம் ரெஜிஸ்டர் கொடுத்துப் பதிவை உடனே வரவழையுங்கள்.

ஒரு டிஸ்பேச்சரை மட்டும் நிறுத்த வேண்டுமானால் ஆல்டர் சிஸ்டம் ஷட்டவுன் 'டி001' போதும்; புதியவர்களை ஏற்காமல், இருப்பவர்கள் முடிக்கும்வரை காத்திருக்கும். இமீடியட் சேர்த்தால் அதில் உள்ள எல்லோரும் அறுபடுவார்கள். ப்ராசஸ் எண்ணைப் பார்த்து இயங்குதளத்தில் கொல்வதை விட இது எவ்வளவோ மேல்.

சரிபார்ப்பை சர்வரிலிருந்து செய்யாதீர்கள். முதலில் புகார் சொன்ன அதே க்ளையன்டிலிருந்து, அதே கனெக்ட் ஸ்ட்ரிங்கில், சர்வர்=ஷேர்டு என்று ஒரு முறை, டெடிகேட்டட் என்று ஒரு முறை இணைந்து பாருங்கள். பிறகு எல்எஸ்என்ஆர்சிடிஎல் சர்வீசஸில் உங்கள் சர்வீஸின் கீழ் வரும் டி000, டி001 போன்ற டிஸ்பேச்சர் வரிகளில் ஏதாவது ஒன்றுக்கு நேரே ஏற்கப்பட்ட எண்ணிக்கை கூடியிருக்கிறதா என்று பாருங்கள். கூடவில்லை என்றால் உங்கள் இணைப்பு டிஸ்பேச்சர் வழியே வரவில்லை. படி 7-க்குத் திரும்புங்கள்.